சின்னவனின் எடையும் எங்கள் மாலை நேரமும்

சிறு குழந்தைக்கு எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் பெற்றோர் வாயில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?" என்பதுதான். நானும் அதையே கேட்டேன். சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. குழந்தை மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். ஏறும் வேகம் தணிந்தால் போதும், மீதியை உயரம் பார்த்துக்கொள்ளும்" என்றார். பத்தியம், அளவுச் சாப்பாடு என்று நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அங்கேயே கலைந்துபோனது. நல்லவேளை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 104 சென்டிமீட்டர், எடை 19 கிலோ. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுத்தால் 17.6 கிடைக்கிறது. இதைத்தான் உடல் நிறை குறியெண் (BMI) என்கிறார்கள். வளர்ந்த ஆளுக்கு இந்த எண் வந்தால் மெலிந்திருக்கிறார் என்பார்கள். நான்கு வயதுப் பையனுக்கு அதே எண்ணின் பொருள் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் அந்த வயதுப் பையன்களின் நடுக்கோடு 15.3. அதற்கு மேல் முதல் கோடு 16.7, இரண்டாம் கோடு 18.2. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் கோட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், இரண்டாவதைத் தாண்டினால் அதிக எடை, மூன்றாவதையும் தாண்டினால் உடல் பருமன் என்பது கணக்கு. சின்னவன் முதல் கோட்டைத் தாண்டி இரண்டாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"எங்கள் வம்சத்து உடல்வாகே இப்படித்தான்" என்று என் அம்மா சொல்லிப் பார்த்தார். அந்த அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குள் அந்தக் குழந்தைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்திருக்கிறார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதையே சொல்லிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட முடியாது என்பதுதான் விஷயம்.

மருத்துவரை யோசிக்க வைத்தது எண்ணைவிட, கோடு திரும்பிய வயது. குழந்தைகள் முதல் ஆண்டில் உருண்டு திரண்டு இருப்பார்கள். பிறகு உயரம் வேகமாகக் கூடும், சதை வடியும், ஐந்தாறு வயதில் மிக ஒல்லியாகத் தெரிவார்கள். அதற்குப் பிறகே கோடு மறுபடி மேலே திரும்பும். இந்தத் திருப்பம் முன்கூட்டியே வந்துவிடும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 1980-களிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. சின்னவனுக்கு அது நான்கு வயதுக்கு முன்பே திரும்பிவிட்டிருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ சொச்சம்தான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் மெதுவாகத்தானே ஆகும்? ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால் வீடே பதறுகிறது. ஒல்லியாக இருக்க வேண்டிய வயதில் பிள்ளை ஒல்லியாக இருப்பதைத்தான் நாம் நோயாகப் பார்க்கிறோம்.

சில நாள்களுக்கு அவன் சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார் மருத்துவர். ஒரு நோட்டில் கோடு போட்டு நேரம், உணவு, அளவு என்று மூன்று பத்தி பிரித்தேன். என் மனைவி நான்காவதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்?' முதல் மூன்று பத்திகளிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை, மதியம், இரவுச் சாப்பாடு எல்லாம் அவன் வயதுக்கு ஏற்ற அளவுதான். அந்த நான்காவது பத்திதான் எங்களுக்கு வழி காட்டியது.

மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை வரிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. பிஸ்கட், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு. பழச்சாறு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு. மறுபடி பிஸ்கட், அக்கா வீட்டுப்பாடம் எழுதுகிறாள், விளையாட ஆள் இல்லை. வறுவல், நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன், நச்சரித்தான், கொடுத்தேன். இனிப்பு, கீழே விழுந்து அழுதான். 'பசிக்கிறது என்றான்' என்ற வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பையன் பசிக்காகச் சாப்பிடவில்லை, பொழுதுக்காகச் சாப்பிட்டிருக்கிறான். எங்களுக்கும் அவனை அமைதிப்படுத்தும் சுலபமான வழியாக அது இருந்திருக்கிறது.

எடை கூடிய குழந்தை என்றால் எல்லோருடைய கண்ணும் தட்டுக்குத்தான் போகிறது. என் அனுபவத்தில் கண் போக வேண்டிய இடம் கடிகாரம். எந்த நேரம் காலியாகக் கிடக்கிறதோ அந்த நேரத்தில்தான் வாய் வேலை செய்கிறது. குழந்தையின் ஓய்வு நேரத்தையும் உணவையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாக வைத்துக்கொண்டால் இரண்டுமே தீராது.

முதலில் நேரத்தை ஒழுங்குபடுத்தினோம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, எல்லாம் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் மட்டும். இடையில் கேட்டால் தண்ணீர். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து வாயில் திணிக்கிறோம்.

திணிப்பது எங்கள் வீட்டில் அம்மாவின் துறை. "ஊட்டினால் சாப்பிடுகிறானே, வேண்டாம் என்றா சொல்கிறான்?" என்பது அவருடைய வாதம். அந்த வாதத்துக்கான பதில் ஓர் ஆய்வில் கிடைத்தது. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பார்பரா ரோல்ஸ், லீன் பர்ச் உள்ளிட்டோர் வெளியிட்டது அது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரே உணவைச் சிறிதாகவும் பெரிதாகவும் பரிமாறியபோது அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்களோ தட்டில் அதிகம் இருந்தபோது அதிகம் சாப்பிட்டார்கள். போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கும் திறமை சிறு குழந்தையிடம் இருக்கிறது, வளர வளரத் தட்டு சொல்வதைக் கேட்கப் பழகிவிடுகிறது. "தட்டைக் காலி செய்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கத்துக்குத்தான் துணை போகிறோம்.

அம்மாவிடம் ஆய்வைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. பரிமாறும் பொறுப்பை அவரிடமே முழுதாக ஒப்படைத்தோம். சின்னக் கரண்டியில் கொஞ்சமாக வைப்பது, அவன் கேட்டால் இன்னும் வைப்பது, கேட்காவிட்டால் பேசாமல் இருப்பது. ஓர் இரவு அவன் மூன்று கரண்டி உணவை மீதி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். அம்மாவின் கை கரண்டியை நோக்கிப் போனது, பாதியில் நின்றது, பிறகு மேசையில் இல்லாத ஒரு துளியைத் துடைக்க ஆரம்பித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இறங்கி ஓடிவிட்டான். மீதியை அம்மாவே சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தொடாதே என்று தடுத்தால், குழந்தைக்கு அந்தப் பண்டத்தின் மீது ஆசை கூடத்தான் செய்கிறது. இதையும் லீன் பர்ச்சின் குழுவினர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாங்கும் அளவைக் குறைத்தோம், வாங்கியதைச் சிறுதீனி நேரத்தில் சில நாள்கள் மற்ற உணவோடு சேர்த்தே வைத்தோம். இனிப்பைப் பரிசாகக் கொடுப்பதை நிறுத்தினோம். காய்கறியைச் சாப்பிட்டால் இனிப்பு என்று பேரம் பேசினால் காய்கறி தண்டனை, இனிப்புதான் சாப்பாடு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

காய்கறி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டால் விலகுவது இயல்பு. ஒரு காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூடச் சுவைக்க வேண்டியிருக்கலாம். இரண்டு முறை துப்பியதும் இவனுக்குப் பிடிக்காது என்று முத்திரை குத்திவிடுகிறோம். வற்புறுத்தாமல், புகழாமல், தட்டின் ஓரத்தில் சிறு துண்டை வைத்துவிட்டு நாம் ரசித்துச் சாப்பிடுவதைத் தவிர வேறு மந்திரம் எனக்குத் தெரியவில்லை. சின்னவன் இன்னமும் சில காய்களைத் தொடுவதில்லை. இருக்கட்டும்.

குடிப்பவைதான் எங்களுக்கு அதிர்ச்சி. பழச்சாறு நல்லதுதானே என்ற எண்ணத்தில் இருந்தோம். 200 மில்லி பழச்சாற்றில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஐந்து தேக்கரண்டி. உணவிலிருந்து கிடைக்கும் மொத்த ஆற்றலில் இத்தகைய சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் நான்கு தேக்கரண்டிக்கு மேல் வராது. ஒரே குவளையில் கணக்கு முடிந்துவிடுகிறது. சர்க்கரை சேர்க்காத பழச்சாறும் இதே கணக்கில்தான் வருகிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. அதைக் கடித்து மெல்ல வேண்டும், நார்ச்சத்து இருக்கிறது, வயிறும் நிறைகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் தந்த பரிந்துரைப்படி ஒரு வயது வரை பழச்சாறு வேண்டாம், மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால் வேறு நடந்துகொண்டிருந்தது. முதலில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்தோம், பிறகு பாலை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்தோம். பால் அளவு மீறினால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

இனிதான் கடினமான பகுதி. மாலை நேரத்திலிருந்து தீனியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதிலும் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 180 என்றதும் எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் புரிந்தது, நடப்பது, படியேறுவது, பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவது எல்லாமே அதில் அடக்கம். தனியாக ஒரு வகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், வாரத்தில் இரண்டு வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மீதி நாள்களை நாற்காலியில் கழிக்க விடுவதைவிட, தினமும் வீட்டு வாசலில் ஓடவிடுவது எவ்வளவோ மேல்.

ஓடச் சொன்னேன். ஓட மறுத்தான். மற்ற பிள்ளைகளோடு விட்டால் ஓரமாக நின்றான். கவனித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஓட்டப் போட்டியில் அவன்தான் எப்போதும் கடைசி. கடைசியாக வருவது யாருக்குப் பிடிக்கும்? எடை கூடிய பிள்ளையை "போய் ஓடு" என்று விரட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை. வெற்றி தோல்வி இல்லாத, அவனுடைய பலத்துக்கு வேலை இருக்கும் விளையாட்டு வேண்டும்.

அது ஓர் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. பெரிய பெட்டி, உள்ளே பழைய செய்தித்தாள் கட்டுகள். சின்னவன் அதை லாரி என்று அறிவித்துவிட்டான். குனிந்து, இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்து, வாயால் உறுமிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைவரை தள்ளுவான். அங்கே பாட்டி ஒரு கட்டை இறக்கிவிட்டு இரண்டு கட்டு ஏற்றுவார். நெற்றி முழுக்க வியர்வை. அக்கா வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் பயணியாக ஏறி உட்கார்ந்தாள், அவளையும் தள்ளினான். அவளால் அவனைத் தள்ள முடியவில்லை. அந்த வீட்டில் அவன் அவளை வென்ற ஒரே விளையாட்டு அதுதான். நோட்டில் அன்று மாலைக்கான பக்கம் ஏறக்குறைய காலி. தீனியை யாரும் மறுக்கவில்லை, அவன் கேட்கவே இல்லை.

அதன் பிறகு அந்த மாதிரியே யோசித்தோம். செடிக்குத் தண்ணீர் சுமப்பது, பாட்டுப் போட்டு ஆடுவது, கண்ணாமூச்சி, மெத்தையில் உருள்வது. பெரியவர் ஒருவர் கூட இறங்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே செலவு. வேலை முடிந்து வந்த களைப்பில் அது சின்னச் செலவு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டோம். இருவராலும் முடியாத நாளில் தொலைக்காட்சிதான் பார்த்துக்கொண்டது.

திரைக்கு ஒரு மணி நேரம், அதுவும் சிறுதீனித் தட்டைக் கழுவப் போட்ட பிறகு. திரையும் தட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற விதியில் மட்டும் நாங்கள் இளகவில்லை. படம் ஓடும்போது வயிறு நிறைந்தது தெரிவதில்லை, கை தானாகப் போய்க்கொண்டிருக்கும். விளம்பரம் வேறு புதுப்புதுப் பண்டங்களை ஞாபகப்படுத்தும். தொடக்கத்தில் வீடு போர்க்களமாகத்தான் இருந்தது. "சலிப்பாக இருக்கிறது" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுவான். உடனே ஏதாவது செய்து சலிப்பைப் போக்கிவிட வேண்டும் என்று துடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால், அவனாகவே எதையாவது உருட்டத் தொடங்கிவிடுவான். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்குவது எங்களுக்குத்தான் கஷ்டம்.

தூக்கத்தை மறந்தே போயிருந்தோம். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். இவன் ஒன்பதைத் தாண்டுவதில்லை. நாங்கள் பார்க்கும் தொலைக்காட்சியின் வெளிச்சத்தில் அவனும் விழித்திருந்தான். தூக்கம் குறைந்த பிள்ளைகளுக்கு எடை கூடும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதைவிடச் சாதாரணமானது: தூக்கம் போதாத மறுநாள் அவன் ஓடமாட்டான், சிணுங்குவான், சிணுங்கினால் தீனி கேட்பான். எட்டரைக்கு எல்லாத் திரையையும் அணைத்தோம். என் கிரிக்கெட் போனது.

பெரியவள் ஒல்லி. ஒரே வீடு, ஒரே சமையல், இரண்டு விதமான உடம்பு. அவளிடம் "இன்னும் சாப்பிடு" என்றும் இவனிடம் "போதும்" என்றும் ஒரே மேசையில் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்குமே சாப்பாடு வம்பாகிவிடும். விதி இருவருக்கும் ஒன்றுதான். தண்ணீர், பழம், திரை நேரம் எல்லாம் பொது, பெரியவர்களுக்கும் சேர்த்து. குண்டு, தடியன் என்ற செல்லப் பெயர்களை வீட்டில் நிறுத்தினோம். வரும் உறவினர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவது என் வேலை. சிலருக்கு முகம் சுருங்கியது. நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் உடம்பைப் பற்றி வெட்கம் வருவதைவிட உறவினர் முகம் சுருங்குவது பரவாயில்லை.

ஐந்து வயதில் சின்னவன் 111 சென்டிமீட்டர், 20.5 கிலோ. எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது, உயரம் 7 சென்டிமீட்டர். எண் 17.6-லிருந்து 16.6-க்கு வந்து முதல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இடையில் உறவினர் வீட்டுக்குப் போன ஒரு நீண்ட விடுமுறையில் எல்லாம் தலைகீழானது. திரும்பி வந்ததும் பழைய நேரத்துக்குப் போக மறுத்தான். அதற்காக யாரையும் திட்டவில்லை, மறுபடி தொடங்கினோம்.

வீட்டில் அளப்பவர்கள் உயரத்தைக் கவனமாக எடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால், பின்பக்கம், முதுகு மூன்றும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க, ஒரு தட்டையான பலகையைத் தலைமேல் வைத்துக் குறியுங்கள். 19 கிலோப் பையனை 104-க்குப் பதில் 103 என்று அளந்தால் எண் 17.9 ஆகிறது, 105 என்றால் 17.2. இந்த ஒரு சென்டிமீட்டர் பிசகுக்கே இவ்வளவு வித்தியாசம். தினமும் எடை பார்ப்பது வீண், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். அந்த எண்ணைப் பிள்ளை காதில் போடத் தேவையில்லை.

வீட்டு வைத்தியமாக இதையெல்லாம் செய்துகொண்டிருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. எடை ஏறியும் உயரம் நின்றுபோயிருந்தால் ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும். தினமும் சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு தடைப்படுவது போலிருந்தால், கழுத்து மடிப்பிலோ அக்குளிலோ தோல் கருத்துத் தடித்தால், முழங்கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தால், எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காமல் இருந்தால், நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிராமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுங்கள்.